உப்புக்கேணி ஒழுங்கையின் அழுகை முறை

கேப்டன் வெரோன் தானே குனிந்து ஒவ்வொரு நிருபரின் மணிக்கட்டிலும் அமைதிக்காப்பை மாட்டிவிட்டார். வளையல்காரர் கெட்டார்! இறுக்கமாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் பூட்டினார். பூட்டிய கையோடு சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அஞ்சற்க. இது தங்கள் பாதுகாப்பிற்காகவே," என்றார்.

அவருடைய தமிழ் அப்படித்தான். கூட்டரசின் படை கண்டல்துறையைப் பிடித்த பிறகு அதிகாரிகளுக்கெல்லாம் ஒரு கற்பிப்பொறி தமிழ் சொல்லிக்கொடுத்ததாம். அந்தப் பொறிக்கு யார் பாடம் எடுத்தார்களோ, புண்ணியவான்! மண்ணைப் பிடித்தவர்கள் பேசுகிற தமிழ் மட்டும் கல்வெட்டு மாதிரி இருந்தது.

மதுரையிலிருந்து வந்திருந்த தாட்சாயணி காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் நிறம், விரல் அகலம். நாடியையும் மூச்சையும் தோலின் வியர்வையையும் அளக்கிற பொறி. கண்டல்துறையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது உண்டு. அளந்ததை அது ஒழுங்கை வாசலில் நிற்கும் கண்ணாடிக் கம்பத்துக்குச் சொல்லும். அந்த ஊரில் குறுகலான தெருவுக்கு ஒழுங்கை என்று பேர். ஒழுங்கையில் உள்ள அத்தனை பேருடைய கொந்தளிப்பும் கம்பத்துக்குள் ஒன்றாகச் சேர்ந்து சிவப்பு ஒளியாக மேலே ஏறும். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. சிவப்பு கோட்டைத் தொடாதவரை ஒழுங்கையின் இரும்புக்கதவு திறந்திருக்கும். வேலைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தொட்டுவிட்டால் மூடிக்கொள்ளும். ஞாயிறு விடியும்போது கம்பம் வெறுமையாகும், கதவு திறக்கும், பழையபடி முதலிலிருந்து ஆரம்பம். கோட்டையும் தாண்டி உச்சியைத் தொட்டுவிட்டால் மட்டும் அடுத்த வாரமும் பூட்டுத்தான்.

"மனிதர்கள்தாமே. உணர்ச்சி இருக்கும். ஆகவே ஒரு வாரத்திற்கு ஓர் அளவு வழங்கியுள்ளோம்," என்றார் கேப்டன், ரேஷனில் சீனி கொடுக்கிற குரலில். "கோபமோ களிப்போ துயரமோ, பொறிக்குப் பேதமில்லை. அளவுக்குள் இருப்பின் போதும்."

தாட்சாயணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் வந்திருப்பது வேலைக்கு. கிளம்பும்போது செய்தி ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: "சுத்திப் பார்க்கக் கூட்டிட்டுப் போறவன் சிரிச்ச மூஞ்சியாத்தான் காட்டுவான். நீ எனக்கு அழுகிற மூஞ்சி ஒண்ணு கொண்டா. முதல் பக்கத்துல போடுறேன்."

உப்புக்கேணி ஒழுங்கைக்கு அவர்களைக் கூட்டிவந்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே சாரங்கன் என்று ஒரு பையன். போகக்கூடாதென்று தடுத்துவைத்த கடற்களப்பில் வலை எடுக்கப் போனவனைக் காவல் படகு சுட்டுவிட்டது. மாதக்கணக்காக உடலைக் குளிரறையில் வைத்திருந்தவர்கள் இன்றைக்குத்தான் தாயிடம் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். நிருபர்கள் வருகிற நாளாகப் பார்த்து! கம்பம் கோட்டுக்குக் கீழே இருந்தால் உடல் வீட்டுக்கு வரும். தாண்டிவிட்டால் நிர்வாகத்தின் இடுகாட்டில், பெயருக்குப் பதிலாக எண் போட்டுப் புதைத்துவிடுவார்கள்.

"எமது கருணையைத் தாங்களே காண்பீர்," என்றார் கேப்டன். கம்பத்தைக் காட்டினார். சனிக்கிழமை, வாரத்தின் கடைசி நாள். அப்படியும் சிவப்பு அடியில் ஒரு விரற்கடைதான் இருந்தது. "இப்பகுதியிலேயே மிக அமைதியான ஒழுங்கை. எங்கு வேண்டுமாயினும் செல்லுங்கள். யாரிடமும் உரையாடுங்கள். நாங்கள் எதையும் மறைப்பதில்லை."

மறைக்கத்தான் இல்லை. அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, அதுதான் விஷயம். பெண்கள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பந்தலுக்குக் கயிறு கட்டினார்கள். பிள்ளைகள் வரிசையாக மதிலோரம் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. சாவு வீட்டுப் பந்தல் என்று சொன்னால்தான் தெரியும்.

சே, என்ன ஜனங்கள் இவர்கள் என்று தாட்சாயணிக்குத் தோன்றியது. அடித்து அடித்து மரத்துப்போனார்களா, இல்லை பழகியே போய்விட்டதா?

ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் இன்னும் வாடாமல் தொங்கியது. புது மஞ்சள் தாலியோடு ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெயர் தர்சினி. தாட்சாயணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காத தங்கச்சி. பக்கத்து வீட்டுப் பையனோட உடம்பு வருது. இங்க ஒருத்தர் கண்ணுலயும் ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. நீயும் புதுப்பொண்ணு, உன் மூஞ்சியிலயும் ஒரு சிரிப்பு இல்ல. என்னதான் ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

"கொஞ்சம் மெல்லமாக் கதையுங்கோ அக்கா," என்றாள் தர்சினி. "கோபப்படாதேங்கோ. நாங்கள் அழாமல் இல்லை. சேத்து வைக்கிறம்."

"எதைச் சேத்து வைக்கிறீங்க?"

தர்சினி வெங்காயத்தை நிறுத்தாமல், கடைச் சாமானுக்குச் சொல்லிவிடுகிற மாதிரி சொன்னாள்.

"முந்தி எங்களுக்கு வயல் இருந்தது. குளத்துத் தண்ணிக்கு முறை வைப்பம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை. ஒரு வீட்டுப் பயிர் வாடிப் போச்செண்டால் மற்றவை தங்கட முறையை விட்டுக் குடுப்பினம். வயலைப் பிடிச்சிட்டாங்கள். முறை மட்டும் எங்களிட்டக் கிடக்கு. அதைத்தான் இப்ப அழுகைக்கு வச்சிருக்கிறம்."

தாட்சாயணி பேனாவை மூடிவிட்டாள்.

"இந்தக் கிழமை முழுக்க யோகக்காவின்ர முறை. யோகமலர், சாரங்கன்ர அம்மா. நாங்கள் எல்லாரும் விட்டுக் குடுத்திட்டம். எனக்குப் புதன்கிழமை கலியாணம் நடந்தது. மேளம் இல்லை. தாலி கட்டேக்க நான் அவரைப் பாக்கவே இல்லை. பாத்திருந்தால் சிரிச்சிருப்பன். எதிர்வீட்டு வைதேகிக்குப் பிள்ளைப்பேற்று நோ எடுத்திட்டுது. நோவும் கம்பத்தில ஏறும் எல்லோ? அதால அவள் வயிற்றைப் பிடிச்சுக்கொண்டு தமக்கையின்ர ஒழுங்கைக்கு நடந்துபோனவள். அங்கத்தைய ஆக்கள் தங்கட முறையைக் குடுத்தவை. பொம்பிளைப் பிள்ளையாம். நாங்கள் இன்னும் பாக்கேல்லை."

"கடவுளே!"

"கடைசி வீட்டு மாமா நித்திரையில கத்துறவர். அவருக்குக் குளிசை குடுத்துப் படுக்க வச்சிருக்கு. எல்லாம் யோகக்காவுக்காகத்தான். பெடியன் வந்து இறங்கின உடன அவ வாய் விட்டு அழவேணும். மனம் ஆறும்வரைக்கும் அழட்டும். அதுக்குத்தான் கம்பத்தில இவ்வளவு இடம் விட்டு வச்சிருக்கிறம்."

தாட்சாயணி குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். சற்று முன்னால் இவர்களைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தாள்! வெட்கமாக இருந்தது. ஒரு ஒழுங்கையே ஒரு வாரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஒரு தாய் சத்தம் போட்டு அழுவதற்காக.

"அவங்களை நான் பார்க்கலாமா?"

"வாங்கோ. ஆனா ஆறுதல் எண்டு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. ஆறுதல் சொன்னாத்தான் அழுகை வரும்."

யோகமலர் உள் அறையில் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான உடம்பு. கீழுதட்டில் பல் பதிந்து பதிந்து ஒரு தழும்பு. முன்னால் ஒரு நீலச் சட்டை தேய்த்து மடித்து வைத்திருந்தது. வந்தவளைப் பார்த்ததும், "இருங்கோ பிள்ளை. தேத்தண்ணி குடிச்சியளோ?" என்று கேட்டாள்.

தாட்சாயணி தலையை ஆட்டிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தச் சட்டை அவனுக்கு இனி அளவோ தெரியாது. வச்சிருந்த குளிருக்கு உடம்பு எப்பிடிப் போயிருக்குமோ," என்றாள் யோகமலர். குரல் ஆடவில்லை. அசையாத தண்ணீர் மாதிரி இருந்தது. "உங்கட ஊரில அழுறதுக்கு ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லையாம். மெய்யோ?"

"ஆமாங்கம்மா. எப்ப வேணும்னாலும் அழலாம்."

"நல்லது. நான் இவ்வளவு மாசமும் அழேல்லை. மறந்திட்டனோ எண்டு பயமாக் கிடக்கு. அதால என்ன சொல்லி அழுறதெண்டு யோசிச்சு வச்சிருக்கிறன். சத்தம் வராமல் வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கிறனான்."

"என்ன சொல்லுவீங்க?"

"முதல்ல அவனுக்கு ஏச்சும் பேச்சும்தான் விழும். வலை போனாப் போகட்டும், போகாத எண்டு சொன்னனான் எல்லோடா எண்டு நல்லாப் பேசுவன். அவன் பேச்சு வாங்கேக்க சிரிப்பான். சிரிச்சுக்கொண்டு வந்து கட்டிப்பிடிப்பான்." யோகமலர் நீலச் சட்டையின் கழுத்தை நீவிவிட்டாள். "இண்டைக்குச் சிரிக்கமாட்டான் எல்லோ. அப்ப எனக்குத் தெரியும், மெய்யாப் போயிட்டான் எண்டு. பிறகுதான் அழுவன்."

தாட்சாயணி உடைந்துபோனாள்.

விம்மி, வாயைப் பொத்தி, பொத்திய கையையும் மீறி ஓவென்று அழுதாள். அழட்டுமே! யார் தடுக்கப்போகிறார்கள்? அவள் வெளியூர்க்காரி, நாளைக்கு விமானம் ஏறுகிறவள். உண்மையைச் சொல்லப்போனால், அந்த அழுகையில் அவளுக்குள் ஒரு மூலையில் சின்ன நிம்மதியும் இருந்தது. எத்தனை சாவுச் செய்தி எழுதியிருக்கிறோம், ஆனாலும் நமக்கு இன்னும் ஈரம் காயவில்லை என்கிற நிம்மதி. நல்லவளாக இருப்பதில் ஒரு சுகம் உண்டு, அதை இல்லையென்று சொல்லக்கூடாது. யோகமலர் எழுந்து வந்து தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வெளியே ஒரு பெண்குரல் கேட்டது. "தர்சினி! கம்பம் ஏறுது!"

தர்சினி ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். விரற்கடையாக இருந்த சிவப்பு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

"ஆரது? ஆர் அழுறது?" வீட்டுக்கு வீடு தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டார்கள். நாங்கள் இல்லை, நாங்கள் இல்லை என்று பதில் வந்தது. கடைசி வீட்டு மாமாவைப் போய்ப் பார்த்தார்கள். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தர்சினி மெல்லத் திரும்பினாள். அவள் பார்வை தாட்சாயணியின் மணிக்கட்டில் வந்து நின்றது.

"அக்கா... உங்களுக்கும் போட்டிருக்கிறாங்களோ?"

"பாதுகாப்புக்குன்னு சொன்னாங்களே..."

"முந்தி வந்தவைக்கும் போட்டுத்தான் விட்டவங்கள். ஆனா அவை வந்தால் கம்பம் அசையிறதே இல்லை. அதால நாங்கள்..." தர்சினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கழட்டுங்கோ அக்கா! கெதியாக் கழட்டுங்கோ!"

இதுதான் அந்த ஒழுங்கை விட்ட பிழை. எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படம் பிடித்தார்கள், குறித்துக்கொண்டார்கள், தேநீர் குடித்தார்கள். ஒருவர்கூட அழுததில்லை. ஆகவே விருந்தாளியின் நெஞ்சும் தங்கள் கணக்கில்தான் ஏறும் என்பதை அறிந்துகொள்ள இவர்களுக்கு வழியே இல்லாமல் போயிற்று.

தாட்சாயணி காப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கடித்துப் பார்த்தாள். சாவி கேப்டனிடம் இருக்கிறது, கேப்டன் கதவுக்கு வெளியே உடல் வண்டிக்காகக் காத்து நிற்கிறார். ஐயோ, நான்தானா, என்னால்தானா என்ற எண்ணம் நெஞ்சில் முட்டியதும் சிவப்பு இடுப்பளவுக்கு ஏறியது. ஏறுகிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும் இன்னும் ஏறியது. பாவி மனம்! நில் என்றால் நிற்குமா?

அவள் வாசலுக்கு ஓடிவந்தாள். ஓடினால் நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்ளும், கதவைச் சேருமுன்னே சிவப்பு கோட்டைத் தொட்டுவிடும் என்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு அங்கேயே உட்காரவைத்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லையே.

யோகமலர் அவள் எதிரே மண்டியிட்டாள். தன் மகன் வீடு வந்து சேரவேண்டுமானால் இந்த அந்நியப் பெண்ணின் நெஞ்சு அடங்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவள் தாட்சாயணியின் முதுகை மெல்லத் தடவினாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை. ஒண்டுமில்லை ராசாத்தி. மூச்சை இழுங்கோ. ஓம், அப்பிடித்தான். இப்ப மெல்ல விடுங்கோ. எனக்கு ஒரு கவலையும் இல்லை, பாருங்கோ. என்ர முகத்தைப் பாருங்கோ. நான் அழுறனோ?"

அந்த முகத்தைப் பார்த்தால் யாரால் அழாமல் இருக்க முடியும்? தாட்சாயணி கண்ணை மூடினாள். உதட்டைக் கடித்தாள். ரத்தம் கரித்தது. மூச்சை இழுத்தாள், விட்டாள். கம்பத்தில் சிவப்பு தயங்கியது. கோட்டுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றே விட்டது.

அப்போதுதான் அவளோடு வந்திருந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் செபஸ்தியான் ஒழுங்கைக்குள் திரும்பினார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் எதிரே கண்ட காட்சி! கதறிக் களைத்த நிருபர், அவளைத் தேற்றும் இறந்தவனின் தாய், பின்னால் சாவுப் பந்தல். ஆயுளுக்கு ஒரு தடவை கிடைக்கிற படம். அவருடைய நெஞ்சு சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தது. அவர் கையிலும் காப்பு இருந்தது.

சிவப்பு வெள்ளைக் கோட்டைத் தொட்டது.

இரும்புக்கதவு சத்தமே இல்லாமல் மூடியது. நல்ல எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். கம்பிகளுக்கு அப்பால் சாம்பல் நிற வண்டி ஒன்று வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தான். வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினான்.

தாட்சாயணி கதவில் போய் மோதினாள். "கேப்டன்! அது நான்! அவங்க யாரும் அழலை! என்னுதைக் கழிச்சிடுங்க, என்னை இங்கேயே பிடிச்சு வச்சுக்கோங்க, அந்த வண்டியை மட்டும் நிறுத்துங்க!"

கேப்டன் வெரோனின் முகத்தில் மெய்யாகவே வருத்தம் இருந்தது. அவர் ஏற்பாடு செய்த காட்சி அல்லவா கெட்டுப்போயிற்று. "கழிக்க வழியில்லை, அம்மையீர். கம்பத்திற்குக் கூட்ட மட்டுமே தெரியும். முன்னர் வந்தோர் எவராலும் இது அசைந்ததில்லை. எனக்கும் இது புதிது," என்றார்.

வண்டி கண்டல் மரங்களுக்குப் பின்னால் திரும்பி மறைந்தது. யோகமலர் நீலச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அது போவதைப் பார்த்தாள். உதடு நடுங்கியது. அந்தத் தழும்பின் மேல் பல் போய் அழுந்தியது. சிவப்பு உச்சியைத் தொட்டுவிட்டால் அடுத்த வாரமும் கதவு திறக்காது. அடுத்த வாரம் வைதேகி குழந்தையோடு வீட்டுக்கு வரவேண்டும். ஆகவே இப்போதும் அவள் அழக்கூடாது.

தாட்சாயணி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்பு என்கிற வார்த்தையை எடுக்கவே வாய் கூசியது.

"பிள்ளை," என்றாள் யோகமலர். "நீங்கள் அழேக்க அவனை நினைச்சுத்தானே அழுதனீங்கள்?"

"ஆமாம்மா. அவனை நினைச்சுத்தான்."

"சத்தமாத்தானே அழுதனீங்கள்?"

"ஆமா."

"அப்ப சரி. ஆரோ ஒராள் அவனுக்கெண்டு வாய் விட்டு அழுதிருக்கு." சட்டையைப் பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தாள். "என்னெண்டு அழுதனீங்கள்? அவனை ஏசிப் பேசினீங்களோ?"

"இல்லம்மா... சும்மா அழுதேன்."

"பேசியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு யோகமலர் உள்ளே போனாள்.

வெளியூர்க்காரர்களைச் சின்னக் கதவு வழியாக வெளியே விட்டார்கள். கேப்டன் காப்புகளைக் கழற்றி எண்ணிப் பெட்டிக்குள் வைத்தார்.

தாட்சாயணி எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு சொல்லும் மறைக்காமல், தன்மேல் உள்ள பழியையும் சேர்த்து, நீளமாக எழுதினாள். முதல் பக்கத்தில் செபஸ்தியானின் படம் வந்தது. ஆசிரியர் கேட்ட அழுகிற முகம் கிடைத்துவிட்டது. அது அவளுடைய முகம்தான். கட்டுரை பத்தாம் பக்கத்துக்குப் போயிற்று. பத்தாம் பக்கம் வரை யார் புரட்டுகிறார்கள்?

படத்தை மட்டும் நாடே பார்த்தது. பார்த்து அழுதேன் என்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். கண்டல்துறை நிர்வாகமும் அதே படத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த நிருபர் பயணத்துக்கான அழைப்பிதழில் அச்சடித்துக்கொண்டது. "கலங்குபவர் விருந்தினர், எம் மக்களோ அமைதியில்" என்று படத்துக்குக் கீழே இருந்தது. அதுவும் பிழையில்லாத தமிழ்தான்.

வந்த கடிதங்களில் ஒன்றை ஆசிரியர் தாட்சாயணியின் மேசைக்கு அனுப்பியிருந்தார். சிவகாசியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"உங்கள் அழுகையைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன் அக்கா. ஆனால் பக்கத்தில் உங்கள் முதுகைத் தடவிக்கொண்டு இருக்கிறாளே, அவள்தான் பெற்றவளாமே? கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பெற்ற மனமா அது? இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்களா?"

தாட்சாயணிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள், மெல்ல விட்டாள். அழுவதற்கு அவள் ஊரில் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. இருந்தாலும் அவள் அழவில்லை.